பொருந்தாத சார்ஜரைக் கொடுத்துவிட்டுப் பயனாளியைக் குறை சொல்லாதீர்கள்

வன்னி மாவட்டங்களில் வாழ்வாதார உதவிக்கான கருவிகளைக் கொள்வனவு செய்யும் அதிகாரிகளுக்கும், அவற்றைப் பகிர்ந்தளிக்கும் திட்ட இணைப்பாளர்களுக்கும்,

நீங்கள் கொடுத்த பற்றரி மருந்தடிக்கும் மெசின்கள், புல்வெட்டிகள், கைக்கிறைண்டர்கள், சின்ன மரவாள்கள் பழுதாகி வீடுகளில் முடங்கிக் கிடக்கின்றன. அதற்குக் காரணம் பயனாளிகளின் கவனயீனம்தான் என்று முடிவு எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிவைக் காட்டியே அடுத்த தொகுதிக்கான செய்முறைப் பயிற்சியையும் நிறுத்திவிட்டீர்கள். மிச்சப்படும் காசில் இன்னும் கொஞ்சப் பெட்டிகள் வாங்கப் போகிறீர்களாம். அந்தப் பெட்டிகளைக் கழற்றித் திருத்துகிறவர்கள் நாங்கள். உள்ளே நாங்கள் காண்பதற்கும் நீங்கள் எழுதியதற்கும் ஒட்டில்லை.

முதலில் சார்ஜர். 16 லீற்றர் மருந்தடிக்கும் மெசின் என்ற ஒரே பெயரில் வந்த பெட்டிகளுக்குள் மூன்று வகைப் பற்றரி இருக்கிறது. ஒன்று, 12 வோல்ற் 8 அம்பியர்-மணி ஈயப் பற்றரி. அடுத்தது, மூன்று செல்லைத் தொடராக இணைத்த லித்தியம் அயன். மற்றது, நான்கு செல் லித்தியம் இரும்புப் பொஸ்பேற். மூன்றிலும் வெளியே அடித்திருப்பது 12 வோல்ற். சார்ஜ் ஏற்றும் துளையும் மூன்றுக்கும் ஒரே அளவு வட்டத் துளை. ஆனால் ஈயப் பற்றரி நிறைவதற்கு 14.4 முதல் 14.8 வோல்ற் வரை வேண்டும். மூன்று செல் லித்தியம் அயன் 12.6 வோல்ற்றோடு நின்றாக வேண்டும், ஏனென்றால் ஒரு செல்லின் உச்சம் 4.2. நான்கு செல் பொஸ்பேற்றுக்கு 14.6.

ஒரே ஊரில் ஒரு வளவுக்கு ஒரு வகை, பக்கத்து வளவுக்கு இன்னொரு வகை என்று கொடுத்திருக்கிறீர்கள். சார்ஜர் பழுதானால் பக்கத்து வீட்டில் இரவல் வாங்குவது எந்த ஊரிலும் நடப்பது. முனை பொருந்துகிறது, பெட்டியில் 12 வோல்ற் என்று இருக்கிறது, செருகுகிறார்கள். ஈயப் பற்றரியின் சார்ஜரை மூன்று செல் லித்தியத்தில் செருகினால் ஒரு செல்லுக்கு 4.8, 4.9 வோல்ற் விழும். உள்ளே பாதுகாப்புச் சுற்று ஒழுங்காக இருந்தால் 4.25, 4.3 அளவில் வெட்டிவிடும். அந்தச் சுற்று பழுதானாலோ, விலையைக் குறைக்க அதை வைக்காமலே விட்டிருந்தாலோ, செல் வீங்கும், புகையும், தீப்பிடிக்கும். மறுவளமாக 12.6 வோல்ற் சார்ஜரை ஈயப் பற்றரியில் போட்டால் விபத்தில்லை, பச்சை விளக்கும் எரியும். ஆனால் பற்றரி ஒருநாளும் நிறையாது. அரைவயிற்றோடு கிடந்து ஒரு போகத்துக்குள் செத்துவிடும். அதே சார்ஜரைப் பொஸ்பேற்றில் போட்டால் செல்லுக்கு 3.15 வோல்ற்தான் போகும், பற்றரி கிட்டத்தட்ட வெறுமையாகவே இருக்கும். இரவு முழுக்கச் சார்ஜ் போட்டேன், இரண்டு ராங்கி கூட அடிக்கவில்லை என்று சொல்லி மெசினைக் கொண்டு வருகிறவரிடம் கவனயீனம் எங்கே இருக்கிறது? வாங்கும்போதே மூன்று வகைக்கு மூன்று வேறு முனை கேட்டிருந்தால், குறைந்தது சார்ஜரிலும் மெசினிலும் ஒரே நிறப் பட்டி ஒட்டியிருந்தால், இந்தப் பழுதுகளில் பெரும்பங்கு வந்தேயிராது.

இரண்டாவது, பெட்டியில் எழுதியிருக்கும் எண்கள். 48 வி.எஃப், 88 வி.எஃப் (VF) என்று வோல்ற் போலத் தோன்ற அடித்த புல்வெட்டிகளையும் கிறைண்டர்களையும் கூடிய வலு என்று நம்பி வாங்கியிருக்கிறீர்கள். முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பற்றரிப் பொதியில் மீற்றர் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் 21 வோல்ற்தான் காட்டும். அது ஐந்து செல் தொடர். வேறு கொம்பனிகள் 18 வோல்ற், 20 வோல்ற் என்று விற்பதும் இதே ஐந்து செல்தான். கொள்ளளவு இதைவிட மோசம். பெரும்பாலான பொதிகளில் இருப்பது 18650 செல், அதாவது 18 மில்லிமீற்றர் குறுக்களவும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்டது. நல்ல கொம்பனியின் செல்லிலேயே ஒன்றுக்கு ஏறக்குறைய 3,500 மில்லி அம்பியர்-மணிக்கு மேல் எடுக்க முடியாது. ஐந்தே செல் உள்ள பொதியில் 8,000 என்று எழுதியிருந்தால் அது பொய். இதைக் கண்டுபிடிக்க ஆய்வுகூடம் தேவையில்லை, கடைத் தராசு போதும். ஒரு செல் 45 முதல் 50 கிராம். ஐந்து செல் 250 கிராமுக்குக் கிட்ட, பத்துச் செல் அரைக் கிலோவுக்குக் கிட்ட. கோதோடு சேர்த்தும் 400 கிராம் வராத பொதியில் பத்துச் செல் இருக்க வழியில்லை. பொருளைப் பொறுப்பேற்ற நாளில் யாராவது ஒருவர் நிறுத்துப் பார்த்தாரா?

மூன்றாவது, எங்கள் மண்ணின் போகக் கணக்கு. கொழும்பில் இருந்து திட்டம் எழுதுகிறவர்களுக்கு இது தெரியாமல் போகலாம், மாவட்டத்தில் இருக்கும் உங்களுக்குத் தெரியும். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு எதுவானாலும் காலபோகம் முழுக்கச் செய்தாலும் சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீரைப் பொறுத்துப் பங்குதான் கிடைக்கும். மானாவாரிக் காணிக்காரருக்கு அதுவும் கிடையாது. ஆகவே தையில் கடைசியாக மருந்தடித்த மெசின் ஐப்பசி வரை தகரக் கொட்டிலில் தொங்கும். எட்டு மாதத்துக்குக் குறையாது. ஈயப் பற்றரி சும்மா கிடந்தாலே மாதம் நூற்றுக்கு மூன்று அளவில் இறங்கும், அதுவும் 25 பாகையில். வெப்பம் 10 பாகை கூடினால் இறங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும், ஆயுள் பாதியாகும். சோளகக் காலத்துத் தகரக் கூரையின் கீழ் 40 பாகை சாதாரணம். கடைசி நாள் அடித்துவிட்டு அப்படியே தொங்கவிட்ட பற்றரியில் சல்பேற் தகட்டில் படிந்து இறுகிவிடும். அதன்பின் எந்தச் சார்ஜரும் உதவாது.

இதற்குச் செய்ய வேண்டியது சின்ன வேலை. மருந்தடித்த அன்று பின்னேரமே சார்ஜ் போட வேண்டும், நாளைக்குப் பார்ப்போம் என்று விடக்கூடாது. முழுதாக இறங்கிய 8 அம்பியர்-மணிப் பற்றரிக்கு 1.5 அம்பியர் சார்ஜர் ஆறேழு மணித்தியாலம் எடுக்கும். பச்சை வந்தபின் ஒரு மணித்தியாலம் விட்டுக் கழற்றலாம், நாட்கணக்கில் குத்தி வைக்கக்கூடாது. பாவிக்காத மாதங்களில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நிறைத்து வைக்க வேண்டும். சார்ஜ் ஏற்றிச் சில மணித்தியாலம் ஆறவிட்டு மீற்றர் வைத்தால் 12.7க்கு மேல் காட்டுவது நல்ல பற்றரி, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் உடனே ஏற்ற வேண்டும். மீற்றர் எண்ணை மட்டும் நம்பவும் கூடாது. ராங்கியில் நல்ல தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் அடித்துக்கொண்டே பார்த்தால் உண்மை தெரியும்: ஓடும்போதே 11.5க்குக் கீழே இறங்குகிற பற்றரி போகத்துக்கு உதவாது.

லித்தியத்துக்கு விதி நேர் எதிர். நிறைத்து வைத்து மாதக்கணக்கில் விட்டால் அது பழுதாகும். பாதி அளவில், ஐந்து செல் பொதியானால் 18.5 முதல் 19 வோல்ற்றில், கருவியிலிருந்து கழற்றி, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். ஈயத்துக்கு நிறைத்து வை, லித்தியத்துக்குப் பாதியில் வை. இந்த இரண்டு வரியைக் கூட எந்தப் பயனாளிக்கும் யாரும் சொல்லவில்லை. பெட்டிக்குள் இருந்த தாளில் சீனமும் ஆங்கிலமும் இருந்தன, தமிழ் இல்லை.

மருந்தடிக்கும் மெசினில் பற்றரி மட்டும் போவதில்லை. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர் விட்டு இரண்டு மூன்று நிமிடம் பம்பை ஓட்டி, அதை இரண்டு தடவை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மருந்து காய்ந்து பம்பின் வால்வில் ஒட்டிக்கொள்ளும். கைப்பிடி வடியும் ராங்கி வடியும் கழுவாமல் விட்டால் அமுக்கச் சுவிட்ச் விட்டுவிட்டு வெட்டும், அதை மோட்டர் பழுது என்று நினைத்து மோட்டரை மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அடியில் இருக்கும் பற்றரிப் பெட்டிக்குள் ஒழுக்குத் தண்ணீர் போய் முனைகளில் பச்சை பிடிக்கும். சுரண்டித் துடைத்து வாசலின் பூசினால் போதும். பற்றரி மாற்றும்போது சிவப்பு, கறுப்பு மாறினால் சார்ஜ் சுற்றும் வேகக் கட்டுப்பாட்டுப் பலகையும் சேர்ந்து போய்விடும். பியூசை எடுத்துவிட்டு வயரால் நேரே இணைப்பதை மட்டும் எந்த அவசரத்திலும் செய்யக்கூடாது.

சார்ஜ் போடும் இடத்தைப் பற்றி நீங்கள் சிந்தித்ததாகவே தெரியவில்லை. இலங்கையின் நியமம் 13 அம்பியர் சதுரமுனைப் பிளக். நீங்கள் கொடுத்த சார்ஜர்களில் தட்டையான இரு முனை. மேல் துளையை ஈர்க்கால் திறந்து அதைத் திணிக்கிறார்கள், தொடுகை இளகிச் சூடேறிப் பிளக்கே உருகுகிறது. கிடுகுக் கூரை, மண்ணெண்ணெய்க் கான், உரச் சாக்கு, பாய் எல்லாம் ஒரே அறையில் இருக்கும் வீட்டில் இரவிரவாகச் சார்ஜ் நடக்கிறது. லித்தியப் பொதி 45 பாகைக்கு மேல் சூடாக இருக்கும்போது சார்ஜ் ஏற்றக்கூடாது. புல்வெட்டியில் இருந்து கழற்றிய சூட்டோடு உடனே குத்துவதுதான் இங்கே வழக்கம். அரை மணித்தியாலம் நிழலில் ஆறவிட வேண்டும். சீமெந்து நிலத்தில், எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாமல், ஆள் விழித்திருக்கும் நேரத்தில் ஏற்ற வேண்டும். இடி மின்னல் நாட்களில் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். ஈயப் பற்றரி அளவுக்கு மிஞ்சி ஏறினால் ஐதரசன் வாயு வெளிவரும், ஆகவே யன்னல் திறந்திருக்க வேண்டும்.

வீங்கிய, சீறும், இனிப்பு வாடை வரும் பொதியைத் தொடாமல், முடிந்தால் பிரதான சுவிட்சை இறக்கி, ஆட்களை வெளியே எடுக்க வேண்டும். எரிந்தால் நிறையத் தண்ணீர்தான் மருந்து. லித்தியத்தில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்ற பேச்சு இந்தப் பற்றரிகளுக்குப் பொருந்தாது, செல் குளிராவிட்டால் அணைந்த தீ மறுபடி பிடிக்கும். மணல் சுவாலையை மூடும், சூட்டை எடுக்காது. புகை நஞ்சு, காற்று வரும் பக்கமாக நிற்க வேண்டும். 2016இல் கிளிநொச்சிச் சந்தைக் கடைகள் எரிந்ததைப் பார்த்த ஊர்கள் இவை. தீயணைப்பு வண்டி ஒட்டுசுட்டானுக்கோ துணுக்காய்க்கோ எத்தனை நிமிடத்தில் வரும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கும் இதில் பங்குண்டு, மறைக்கவில்லை. ஏறாமல் போன பொதியை மோட்டார் சைக்கிள் பற்றரியால் தட்டி எழுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு செல் 2 வோல்ற்றுக்குக் கீழே கிடந்திருந்தால் உள்ளே செம்பு கரைந்து மீண்டும் படிந்திருக்கும், எழுப்பிய பிறகு உட்குறுக்குச் சுற்று எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய மடிக்கணினியில் கழற்றிய செல்லைக் கிறைண்டர் பொதியில் போடுவதும் நடக்கிறது. அந்தச் செல் 5 அம்பியரளவு கொடுக்கச் செய்தது, கிறைண்டர் அமர்த்தும்போது 15, 20 அம்பியர் இழுக்கும். செல்லின் மேல் நேரே ஈயம் பற்றவைத்தால் உள்ளே இரு முனைத் தகடுகளையும் பிரித்து வைக்கும் தாள் உருகும், நிக்கல் பட்டியைப் புள்ளி ஒட்டால்தான் (ஸ்பொட் வெல்டிங்) இணைக்க வேண்டும். ஆனால் மாற்றுப் பொதி எங்கும் கிடைக்காதபோது ஆட்கள் வேறெங்கே போவார்கள்? நீங்கள் வாங்கிய மாதிரிகளுக்குக் கிளிநொச்சியிலும் இல்லை, வவுனியாவிலும் இல்லை. கருவி பத்து வருடம் ஓடும், பொதி இரண்டு மூன்று வருடம். மாற்றுப் பொதி இல்லாத கருவியை வாங்குவது முழுக்கருவியையும் எறிவதற்கென்றே வாங்குவதுதான்.

இனி வெட்டும் கருவிகள். வயர்க் கருவியில் பழகியவர் பிளக்கை இழுத்துவிட்டு அலகில் கை வைப்பார். பற்றரிக் கருவியில் இழுக்க வயர் இல்லை, சுவிட்சை விட்டால் போதும் என்று நினைக்கிறார். பொதியைக் கழற்றாத கருவி எப்போதும் உயிரோடு இருக்கும் கருவி. அலகு மாற்ற, சங்கிலி இறுக்க, சிக்கிய புல்லை எடுக்க, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக, முதலில் பொதி கழல வேண்டும்.

கிறைண்டர்களோடு மரம் வெட்டும் பல்லு அலகையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறீர்கள். கைக்கிறைண்டரில் பல்லு அலகு பூட்டவே கூடாது. மரத்தில் கடித்தால் கருவி கையை விட்டுத் திரும்பும், முகமும் தொடையும்தான் அதற்கு எதிரே இருக்கும். வெட்டுத் தட்டில் எழுதியிருக்கும் சுற்று வேகம் கருவியின் வேகத்தைவிடக் கூடியதாக இருக்க வேண்டும்: 100 மில்லிமீற்றர் தட்டுக்கு நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல், 125க்கு 12,200. நடு வளையத்தில் காலாவதித் திகதி அடித்திருக்கும். ஈரம் பட்ட தட்டு, விழுந்த தட்டு குப்பைக்கு. தட்டை மூடும் காப்பு மூடியைக் கழற்றிவிட்டுப் பெரிய தட்டுப் போடுவது கண்ணை விலைக்குக் கொடுக்கும் வேலை.

சின்ன மரவாளில் பலவற்றுக்குத் தானாக எண்ணெய் விடும் வசதி இல்லை, சில நிமிடத்துக்கு ஒருமுறை கையால் விட வேண்டும். சங்கிலியை நடுவில் பிடித்து இழுத்தால் கீழ்ப்பல்லு தவாளிப்பை விட்டு முழுதாக வெளியே வரக்கூடாது. சீவலாக விழுந்தால் கூர், மாவாகப் பறந்தால் மழுங்கல். மழுங்கிய சங்கிலி மோட்டரை அமர்த்தும், மோட்டர் கூட இழுக்கும், பொதி கொதிக்கும். பற்றரி கெட்டது என்று எங்களிடம் வருபவற்றில் அரம் போட்டால் தீர்ந்துவிடுகிறவையும் உண்டு. புல்வெட்டி ஓடும்போது 15 மீற்றருக்குள் ஆள், ஆடுமாடு, பிள்ளை இருக்கக்கூடாது. கண்ணாடி, நீளக் காற்சட்டை, மூடிய சப்பாத்து இல்லாமல் தொடக்கூடாது. பெட்டியோடு ஒரு கண்ணாடி கூட வரவில்லை. மிதிவெடி அகற்றிக் கையளிக்கப்படாத காணியில் பற்றை வெட்ட இந்தக் கருவியைக் கொண்டு போகக்கூடாது என்பதை வன்னியில் எழுத்திலேயே கொடுக்க வேண்டும்.

16 லீற்றர் நிறைந்த மெசின் முதுகில் 21 கிலோவுக்கு மேல். பொய்க்காலோடு வரம்பில் நடக்கிறவருக்கும் அதையே கொடுத்திருக்கிறீர்கள். பத்து லீற்றர் மட்டும் விடுங்கள் என்று சொல்லிக் கொடுக்கவும் ஆள் இல்லை.

பழுதான பற்றரி எங்கே போகிறது? ஈயத்தைப் பழைய இரும்பு வாங்குகிறவர் கிலோக் கணக்கில் எடுப்பார், அசிட்டை வளவில் ஊற்றிவிட்டும் எடுப்பார். லித்தியத்தை யாரும் எடுப்பதில்லை. குப்பையோடு எரிக்கிறார்கள், நெருப்புக்குள் செல் வெடிக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008இல் வந்த ஒழுங்குவிதிகள் இத்தகைய கழிவைக் கையாள அனுமதிப்பத்திரம் கேட்கின்றன. ஆபத்தான பொருளை ஊருக்குள் கொண்டுவந்தவர்களிடமே அதைத் திருப்பி எடுக்கும் பொறுப்பும் இருக்க வேண்டும்.

ஆகவே நாங்கள் கேட்பது இவை.

அடுத்த தொகுதிக்கான கேள்விமனு திறக்கப்படுவதற்கு முன் நிறுத்திய பயிற்சியை மீண்டும் சேருங்கள். மண்டபத்தில் படம் காட்டும் பயிற்சி வேண்டாம். கொடுக்கப்போகும் அதே கருவியை வைத்து, தமிழில், ஊர் ஊராக, அரை நாள். ஒவ்வொருவரும் தன் கையால் பொதி கழற்றி, அலகு மாற்றி, மீற்றர் வைத்துப் பார்த்த பிறகே கருவியைக் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள்.

கேள்விமனுவில் பற்றரியின் வகை, செல் எண்ணிக்கை, நிறைந்த நிலை வோல்ற், சார்ஜரின் வெளியீடு நான்கையும் எழுதிக் கேளுங்கள். ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்கு ஒரே வகைப் பற்றரி. 13 அம்பியர் பிளக், செல்களைத் தனித்தனியே பார்க்கும் பாதுகாப்புச் சுற்று, கண்ணாடி, கையுறை, தமிழ் அறிவுறுத்தல் தாள் இல்லாத பெட்டியைப் பொறுப்பேற்காதீர்கள். மரப்பல்லு அலகைக் கிறைண்டர்ப் பெட்டியிலிருந்து நீக்குங்கள். தொகுதியில் எழுந்தமானமாகப் பத்துக்கு ஒரு பெட்டியைத் திறந்து நிறுத்து, அளந்து, ஓட்டிப் பாருங்கள். அதற்கு வரக் கூலி கேட்க மாட்டோம்.

ஏற்கனவே கொடுத்தவற்றை ஐப்பசி விதைப்புக்கு முன் கமநல சேவை நிலையங்களுக்கு எடுத்துவரச் செய்து, எந்த மெசினுக்கு எந்தச் சார்ஜர் என்று பார்த்து நிறப் பட்டி ஒட்டுங்கள். மாறிப்போன சார்ஜர்களை இலவசமாக மாற்றிக் கொடுங்கள். பாதுகாப்புச் சுற்று இல்லாத பொதிகளை உடனே திருப்பி எடுங்கள்.

ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்தது ஓரிடத்தில் மாற்றுப் பொதி, சார்ஜர், பம்பு வால்வு, சங்கிலி விலைப்பட்டியலோடு கிடைக்க வழங்குநரை ஒப்பந்தத்தில் கட்டுப்படுத்துங்கள். பழைய பொதியை அங்கேயே ஏற்க வேண்டும். ஏற்றதை அனுமதிப்பத்திரம் உள்ளவரிடம் ஒப்படைத்த பற்றுச்சீட்டை நீங்கள் கேட்டு வாங்க வேண்டும்.

கவனயீனம் என்று பயனாளிகளின் கோவைகளில் எழுதியதை நீக்குங்கள். அந்தக் குறிப்பை வைத்து அடுத்த உதவிப் பட்டியலில் இருந்து எவரையும் வெட்டாதீர்கள். இந்த மடலுக்கான பதிலை எழுத்தில், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆம் அல்லது இல்லை என்று, பிரதேச செயலக அறிவித்தல் பலகைகளில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பகுதிகளில் கருவி திருத்தும் தொழில் செய்வோர்